யாரும் உப்புப் பார்க்கவில்லை

கருணாமயி மெஸ்
ஹரகோபால் லேன், கல்கத்தா
8 அக்டோபர் 1979

நிசிகாந்தனுக்கு,

உன் விஜயதசமிப் பிரணாமக் கார்டு வெள்ளிக்கிழமை வந்தது. வயதில் பெரியவன் என்ற முறையில் பதிலுக்கு நான் ஆசீர்வாதம் எழுத வேண்டும். இருபத்தெட்டு வருஷமாகத் தவறாமல் எழுதியிருக்கிறேன். இந்த வருஷம் எழுதவில்லை. காரணம் கொஞ்சம் நீளும், பொறுமையாகப் படி.

உன் புது நாவல் வந்திருக்கும் பூஜை மலரை மெஸ்ஸுக்கு ஒரு பிரதி வாங்கினோம். இங்கே தங்கிச் சாப்பிடுகிறவர்கள் நாங்கள் பன்னிரண்டு பேர். ஆளுக்கு ஆள் பிடுங்கிக்கொள்ள வேண்டாம் என்று, வங்கியில் வேலை பார்க்கும் தபோவிரதன் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்து உரக்கப் படித்தான். அவன் உன் அம்பிகா டாக்டரின் பக்தன். ஹோமியோபதி மாத்திரை கொடுத்துக்கொண்டே பொழுதுபோக்காகக் கொலை துப்பறிகிற அந்த மனுஷரை அவன் ஏதோ குலதெய்வம்போலப் பேசுவான்.

முதல் ஞாயிறு எல்லோரும் சிரித்தோம். நீ இங்கே குடியிருந்த காலத்து மெஸ்ஸை அப்படியே இறக்கியிருக்கிறாய். என்னையும் விடவில்லை. குறட்டை விடும் கோர்ட் நிருபர் ஆதிநாத் யார் என்று யாரும் கேட்கவில்லை. இரண்டாவது ஞாயிறு கடைசி அத்தியாயம். உன் அம்பிகா டாக்டர் எல்லோரையும் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார வைத்து, மூக்குப்பொடி போட்டுக்கொண்டு சொல்கிறார்:

“ஒரு பிராமணப் பொம்பளை விதவையானப்புறம் மீனை வாயில வைக்க மாட்டா. சமைச்சுப் போடுவா, ருசி பாக்க முடியாது. அதனால தெனமும் பானையை இறக்குறதுக்கு முன்னாடி யாரையாவது கூப்பிட்டு உப்புப் பாக்கச் சொல்லுவா. அன்னிக்கு மட்டும் யாரும் உப்புப் பாக்கல. ஏன்? ஒருத்தனைக் கொல்ல நெனச்சவ ரெண்டு பேரைக் கொல்ல விரும்பல.”

தபோவிரதன் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டுக் கை தட்டினான். அப்போது எங்களில் மேனேஜராக இருக்கும் பஞ்சானன் ஹால்தார் மெதுவாகக் கேட்டார்: “ஏம்ப்பா, ரேவதிமோகன்னு ஒருத்தர் இந்த வீட்டுல செத்தது நிஜம்தானே? சமையல் அப்பவும் நம்ம சுரபாலா தீதிதானே?”

 பன்னிரண்டு தலையும் சமையலறைப் பக்கம் திரும்பியது. என் தலையும்தான்.

மறுநாள் தபோவிரதனுக்கு வயிறு சரியில்லை. அதற்கு மறுநாள் ஹால்தாருக்கும் இன்னும் மூன்று பேருக்கும். ஐந்து பேரும் முனை ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள். விஷயம் தெரியாத தீதி கேட்டார்: “ரெண்டே நாள்ல அஞ்சு வயிறும் கெட்டுப்போச்சா? காலரா ஊசி போடுற ஆளை வரச் சொல்லட்டா?” மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு வேலைக்காரி வந்து விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அதன் பிறகு தீதி எதுவும் கேட்பதில்லை. ஐந்து பேர் சோறு தினமும் மீந்துபோகிறது.

உன் நாவலில் கொலைக்குக் காரணம், சமையல்காரி நிஜமான விதவை அல்ல, அது செத்தவருக்குத் தெரியும் என்பது. ஆகவே இப்போது மெஸ்ஸில் இன்னொரு ஆராய்ச்சியும் நடக்கிறது. கிழக்கு வங்காளத்துப் பாரிசாலிலிருந்து வந்தவளாமே, புருஷன் செத்ததை யார் பார்த்தது என்று. இப்படிப் பேசுகிறவர்களுக்கு அவர் இருபத்தாறு வருஷமாகச் சமைக்கிறார்.

நவம்பர் 4, ஞாயிற்றுக்கிழமை மெஸ் கூட்டம். பொருள்: ‘சமையல் ஏற்பாட்டை மறுபரிசீலனை செய்தல்’. அவரை நிறுத்தினால் மாடிப்படிக்குக் கீழே உள்ள அறையும் போய்விடும். அவருக்கு ஐம்பத்தொன்பது வயது. வேறு யாரும் இல்லை. இது உனக்குத் தெரியும்.

ரேவதிமோகன் எப்படிச் செத்தார் என்பதும் உனக்குத் தெரியும். மூச்சிரைப்புக்கு யாரோ ஒரு சாமியார் கொடுத்த பொடியில் பாஷாணம் இருந்தது. பெட்டியிலிருந்து பொட்டலத்தை எடுத்துப் பரிசோதித்து அறிக்கை வர பத்தொன்பது நாள் ஆயிற்று. அந்த அறிக்கையை நாம் இரண்டு பேரும் சேர்ந்து படித்தோம்.

அது நிஜம். நாவலில் நீ என்ன வேண்டுமானாலும் எழுதலாம், சரி. ஆனால் உன் அம்பிகாவின் முடிவு நாவலுக்குள்ளேயே நிற்கவில்லை. நாவலில் எட்டுப் பேர்... இல்லை, ஏழு பேர் ஒன்றாக உட்கார்ந்து ஒரே பானை மீனைச் சாப்பிடுகிறார்கள். ஒருவர் மட்டும் சாகிறார். விஷம் அவருடைய கிண்ணத்தில் மட்டும் இருந்தது என்று அம்பிகாவே சொல்கிறார். அப்படியானால் பானையில் விஷம் இல்லை. பானையிலிருந்து யார் உப்புப் பார்த்திருந்தாலும் சாகப் போவதில்லை. பிறகு ஏன் அவள் யாரையும் கூப்பிடாமல் இருக்க வேண்டும்? உன் துப்பறிவாளர் தான் சொன்னதைத் தானே அடுத்த பக்கத்தில் உடைத்துவிட்டு, மூக்குப்பொடி போட்டுக்கொண்டு போய்விட்டார். ஒரு பெண்ணைத் தூக்குமேடைக்கு அனுப்ப இது போதுமா?

அம்பிகா டாக்டரின் முடிவு தவறு, அது நடந்ததும் அல்ல என்று கையெழுத்துப் போட்டு எழுதி அனுப்பு. நாலாம் தேதிக்கு முன்னால் என் கையில் இருக்க வேண்டும்.

அனாதிநாத் தர்


மதுபூர்
14 அக்டோபர் 1979

அண்ணன் அனாதிதாவின் பாதங்களுக்கு,

நீங்கள் ஆசீர்வாதத்தை நிறுத்தினாலும் என் பிரணாமம் நிற்காது. எடுத்துக்கொள்வதும் கொள்ளாததும் உங்கள் இஷ்டம்.

கோர்ட்டில் முப்பத்தைந்து வருஷம் உட்கார்ந்த மனிதர் என்னைக் கூண்டில் ஏற்றியிருக்கிறீர்கள். சரி, என் தரப்பையும் எழுதிக்கொள்ளுங்கள். மெஸ்ஸின் பெயரை மாற்றினேன். தெருவை மாற்றினேன். என் சமையல்காரியின் பெயர் கீரோதா. முதல் பக்கத்திலேயே எல்லாம் கற்பனை என்று அச்சிட்டிருக்கிறது. இதற்கு மேல் ஓர் எழுத்தாளன் என்ன செய்ய வேண்டும்? ஐந்து முட்டாள்கள் ஹோட்டலில் சாப்பிடுவதற்கு நான் பொறுப்பா?

இந்த நாவலுக்கு அசன்சோலிலிருந்து அகர்தலாவரை கடிதம் வருகிறது. பாலூர்காட்டிலிருந்து ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், ‘உப்பு விஷயத்தைப் படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன்’ என்று எழுதியிருக்கிறார். பானையையும் கிண்ணத்தையும் எண்ணிக்கொண்டு உட்கார்ந்தவர் நீங்கள் ஒருவர்தான். பதில் கேட்டதால் சொல்கிறேன். விஷத்தை மடியில் வைத்திருப்பவளுக்கு அன்று சமையலறை வாசலில் ஒரு நிழல் விழுவதே பிடிக்காது. யாரும் கிட்டே வரக் கூடாது என்று நினைப்பாள். அதனால் கூப்பிடவில்லை. இது மனசு சம்பந்தப்பட்டது, அனாதிதா. பானைக் கணக்கு அல்ல.

நீங்கள் கேட்கிறபடி எழுதிக்கொடுக்க முடியாது. அம்பிகா சான்யால் பத்தொன்பது வருஷத்தில், முப்பத்தொரு கதையில், ஒருமுறைகூடத் தவறியதில்லை. அவர் தப்பு என்று நானே கையெழுத்துப் போட்டால் பழைய முப்பது குற்றவாளிகளும் வரிசையாக வந்து என் வாசலில் நிற்பார்கள். தவிர, பிப்ரவரிப் புத்தகக் கண்காட்சிக்கு இது புத்தகமாக வருகிறது. பதிப்பாளர் அட்டைப் படம்கூட வரையச் சொல்லிவிட்டார். படத்தில் ஒரு மீன் கிண்ணமும் வெள்ளைச் சேலை முந்தானையும்.

ஹால்தாரைத் தனியாக அழைத்து இரண்டு வார்த்தை பேசுங்கள். நீங்கள் சொன்னால் அடங்குவார். தீதிக்கு என் நமஸ்காரம்.

நிசி


கல்கத்தா
18 அக்டோபர் 1979

நிசிகாந்தனுக்கு,

உன் நமஸ்காரத்தைத் தீதியிடம் சொல்லவில்லை.

ஹால்தாரிடம் பேசினேன். “நான் எதுவும் சொல்லல அனாதிபாபு. ஆனா புகையில்லாம நிசிகாந்த லாஹிரி மஷாய் எழுதுவாரா? அவரு இதே வீட்டுல இருந்தவரு” என்றார். நீ எழுதியதற்கு நீ இங்கே இருந்ததே சாட்சி. முதல் பக்கத்து அச்செழுத்தை யாரும் படிக்கவில்லை.

இனி உன் மனசு சம்பந்தப்பட்ட பதில். சமையலறை வாசலில் நிழல் விழுவதே பிடிக்காத உன் கீரோதா அன்று என்ன செய்தாள் என்று ஒன்பதாம் அத்தியாயத்தை எடுத்துப் பார். கரி கொண்டுவந்தவனை உள்ளே கூப்பிட்டுக் கொட்டச் சொல்கிறாள். தண்ணீர்க்காரன் இரண்டு தடவை வந்து போகிறான். வீட்டுச் சொந்தக்காரரின் பெண் மஞ்சள்தூள் கேட்டு வந்து, அம்மியருகே உட்கார்ந்து அரைமணி நேரம் கதை பேசுகிறாள். மூன்று பேரை உள்ளே விட்டவள் நாலாவதாக ஒருவனை உப்புப் பார்க்கக் கூப்பிடப் பயந்தாளாம். உன் நீதிபதி எழுந்து நின்றதற்குப் பதில் உட்கார்ந்து ஒன்பதாம் அத்தியாயத்தைப் படித்திருக்கலாம்.

இவ்வளவு ஓட்டையை நீ விடுகிறவன் அல்ல. உன் முப்பது கதையையும் நான் படித்திருக்கிறேன். ரயில் நேரத்தில் இரண்டு நிமிஷம்கூடத் தப்பியதில்லை. ஆகவே இரண்டு நாள் யோசித்தேன்.

1958இல், ரேவதி செத்த அன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். அன்று ரேவதிக்கு டியூஷன் இருந்தது. ஆறரை மணிக்கே தனியாக உட்கார்ந்து இலிஷ் மீனும் சோறும் சாப்பிட்டார். ஏழரைக்கு வாந்தி எடுத்தார். மீன்தான் என்று பயந்து மற்றவர்கள் பானையோடு சாக்கடையில் கொட்டினார்கள். ஆக, அந்த மீனைச் சாப்பிட்டவர் ரேவதி ஒருவர்தான் என்று போலீஸ் நினைத்தது. மிச்சமும் இல்லை. அந்த நிலைமையில், அந்த ஒரே நிலைமையில், உப்புப் பார்த்தது யார் என்பது பெரிய கேள்வி. பார்த்தவன் உயிரோடு இருந்தால் மீனில் விஷம் இல்லை.

நீ கதைக்காக எல்லோரையும் ஒன்றாகச் சாப்பிட வைத்தாய். சாப்பாட்டை மாற்றினாய். உப்பை மட்டும் மாற்ற மறந்துவிட்டாய். அம்பிகா கண்டுபிடித்தது உன் நாவலில் இருந்த தடயம் அல்ல. அது அந்த வருஷத்து போலீஸ் நிலையத்தில் இருந்தது.

அது உனக்கு எப்படிக் கிடைத்தது? தீதியை இரண்டு நாள் உட்கார வைத்து விசாரித்தார்கள். வாக்குமூலம் எழுதிய கான்ஸ்டபிள் என்னிடம் சொன்னான்: “யாரும் உப்புப் பாக்கலன்னு ஒரே பிடியா நிக்கிறாங்க சார். பாத்தவன் ஒருத்தன் வந்து சொன்னாப் போதும், இப்பவே வீட்டுக்கு அனுப்பிடுவோம்.” அதை நான் அச்சில் போடவில்லை. மெஸ்ஸில் ஒருவரிடமும் சொல்லவில்லை. உன்னிடமும்.

இன்னொன்று. அன்று மெஸ்ஸில் எட்டுப் பேர். உன் நாவலில் ஏழு பேர். பெயரை எழுதி ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தேன். செத்துப்போன ரேவதி இருக்கிறார். குறட்டை விடும் நான் இருக்கிறேன். எலிக்குப் பெயர் வைத்த கணக்கு வாத்தியார்கூட இருக்கிறார். இல்லாதவன் ஒருவன்தான். சமையலறைக்குப் பக்கத்து அறையில் இருந்தவன். ஐந்து வருஷம் தினமும் தீதி கையில் ஊற்றியதை நக்கிவிட்டு, “இன்னும் ஒரு சிட்டிகை” என்று சொன்னவன். அவர் வேறு யாரையும் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை.

நேற்று தீதியிடம் கேட்டேன்.

“அன்னிக்கு யார் உப்புப் பாத்தது தீதி?”

“எந்த அன்னிக்கு?”

“உங்களுக்குத் தெரியும்.”

“பழசை எதுக்குக் கிளறுறீங்க? போங்க, அடுப்புல பருப்பு இருக்கு.”

“அடுப்புல ஒண்ணும் இல்லையே.”

“அப்ப இனிமே ஏத்துவேன். போங்க.”

அவர் சொல்ல மாட்டார். நீ சொல்.

அனாதிநாத் தர்


மதுபூர்
23 அக்டோபர் 1979
(கார்டு)

அனாதிதா, நீங்கள் எழுதியிருப்பது ஒரு நண்பன் எழுதுகிற கடிதம் அல்ல. கதைக்கு ஆள் குறைப்பது எழுத்தாளனின் உரிமை. இந்த விஷயத்தில் இனி நான் எழுதுவதாக இல்லை. நி. லா.


மதுபூர்
25 அக்டோபர் 1979

அனாதிதா,

முந்தாநாள் கார்டை மறந்துவிடுங்கள். மறக்க முடியாவிட்டால் கிழித்துவிடுங்கள்.

நான்தான் பார்த்தேன். ஆறு மணி இருக்கும். தீதி கூப்பிட்டார். உள்ளங்கையில் குழம்பு ஊற்றினார். அதோடு ஒரு துண்டு மீன் சினையும் வைத்தார். நான் தின்றுவிட்டு, “உப்பு சரியா இருக்கான்னு இன்னொரு துண்டு குடுத்தாத்தான் தெரியும்” என்றேன். “போடா, மத்தவங்களுக்கு வேணாமா?” என்று கரண்டியை ஓங்கினார். அரைமணி கழித்து ரேவதிதா சாப்பிட உட்கார்ந்தார்.

போலீஸ் வந்து தீதியைக் கூட்டிக்கொண்டு போனபோது நான் என் அறையில்தான் இருந்தேன். எனக்கு அரசாங்க வேலைக்குப் பெயர் வந்திருந்தது, ஞாபகம் இருக்கிறதா? நில வரித் துறை. போலீஸ் விசாரணை ஒன்றுதான் பாக்கி. டிராம் கட்டணப் போராட்டத்தில் ஒருமுறை பிடித்து விட்டிருந்தார்கள். நானாகப் போய் ஒரு கொலை விசாரணையில் பெயர் கொடுத்தால் அந்தப் பழைய காகிதமும் வெளியே வரும் என்று பயந்தேன். அந்த இரண்டு நாளில் இரண்டு முறை போலீஸ் நிலையம்வரை நடந்தேன். இரண்டு முறையும் எதிர்க் கடையில் வெற்றிலை வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

மூன்றாம் நாள் காலையில் விட்டார்கள். பெட்டியில் பொடிப் பொட்டலம் கிடைத்துவிட்டது. தீதி உள்ளே வரும்போது நான் மாடிப்படியில் நின்றேன். காலில் செருப்பு இல்லை, சேலை முழுக்கத் தூசி. என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: “யாரும் உப்புப் பாக்கலன்னு சொல்லிட்டேன். உன் பேர் வரல. வேலைக்கு ஆர்டர் வந்துச்சா?”

உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். அந்த வாக்கியம் எனக்கு அவர் வாயிலிருந்தே வந்தது.

அதை எப்படி எழுதினேன் என்று கேட்பீர்கள். ஜூலையில் மலர் ஆசிரியர் தந்தி கொடுத்தார். ஐந்து நாளில் கடைசி அத்தியாயம் வேண்டும். அம்பிகாவுக்கு ஒரு தடயம் தேவைப்பட்டது. யோசித்துக்கொண்டிருந்தபோது ‘அன்று யாரும் உப்புப் பார்க்கவில்லை’ என்று பேனா எழுதியது. நானே கண்டுபிடித்தேன் என்று நினைத்தேன். அச்சில் பார்த்தபோதுதான் கை நடுங்கியது என்று எழுத நினைத்தேன். அதுவும் பொய். அச்சில் பார்த்தபோது பெருமையாக இருந்தது. அது அவர் வாக்கியம் என்று உங்கள் இரண்டாவது கடிதத்தைப் படித்தபோதுதான் உறைத்தது.

புத்தகத்தில் கடைசி அத்தியாயத்தை மாற்றுகிறேன். அம்பிகாவே தான் தவறினேன் என்று சொல்லட்டும். இது நான் கொடுக்கிற வாக்கு. ஆனால் ஒரு வேண்டுகோள். உப்பு விஷயத்தை மெஸ்ஸில் சொல்ல வேண்டாம். தபோவிரதன் போன்ற பிள்ளைகள் என்னை எப்படி நினைக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். நாவல் கற்பனை என்று மட்டும் நாலு வரி எழுதித் தருகிறேன். அது போதாதா?

நிசி


கல்கத்தா
29 அக்டோபர் 1979

நிசிகாந்தனுக்கு,

போதாது.

கற்பனை என்பது முதல் பக்கத்தில் ஏற்கெனவே அச்சாகியிருக்கிறது என்று நீதானே எழுதினாய். அது சாதித்ததைப் பார்த்தோம். பிப்ரவரியில் நீ மாற்றுகிற அத்தியாயத்தைப் படிக்க நவம்பரில் தீதி இந்த வீட்டில் இருக்க வேண்டும்.

தபோவிரதன் உன்னைப் பற்றி என்ன நினைப்பான் என்று கவலைப்படுகிறாய். அதே தபோவிரதன் தீதி கையால் தண்ணீர்கூட வாங்குவதில்லை. அந்தக் கவலை உன் கடிதத்தில் எந்த வரியில் இருக்கிறது? நானும் தேடித் தேடிப் பார்த்தேன்.

மூன்றே வாக்கியம் எழுது. அந்த மீனை ரேவதிக்கு முன்னால் நான் சாப்பிட்டேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் போலீஸில் சொல்லவில்லை. கீழே முழுப் பெயர், கையெழுத்து. பதிவுத் தபால். நீ வர வேண்டாம். வந்தால் தபோவிரதன் உன்னிடம் கையெழுத்து கேட்பான், கூட்டம் அதோடு கலைந்துவிடும்.

அனாதிநாத் தர்


கல்கத்தா
5 நவம்பர் 1979

நிசிகாந்தனுக்கு,

உன் காகிதம் சனிக்கிழமை கிடைத்தது. மூன்று வாக்கியம் கேட்டேன், ஐந்து எழுதியிருந்தாய். ஐந்தும் நன்றாக இருந்தன. நேற்று நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

பத்து மணிக்குக் கூட்டம். பன்னிரண்டு பேரும் இருந்தோம். ஹால்தார் பொருளைப் படித்தார். நான் எழுந்து உன் காகிதத்தைப் படித்தேன். தீதி சமையலறை வாசலில் நின்றிருந்தார். கையில் அரிவாள்மணையில் பாதி நறுக்கிய பூசணித் துண்டு.

படித்து முடித்ததும் தபோவிரதன் காகிதத்தை வாங்கிக் கையெழுத்தைப் பார்த்தான். “லாஹிரி மஷாய் கையெழுத்துதான். எங்கிட்ட ஒண்ணு இருக்கு” என்றான். உடனே ஹால்தார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “அப்ப விஷயம் தீர்ந்துபோச்சு. எழுதினவரே சொல்லிட்டாரு. தீதி, நீங்க மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க. மத்தியானத்துக்குப் பன்னெண்டு பேருக்கும் ஒலை வெச்சுடுங்க” என்றார். எல்லோரும் எழுந்தார்கள். எனக்கும் வேலை முடிந்தது என்றுதான் தோன்றியது.

“உக்காருங்க” என்றார் தீதி.

உட்கார்ந்தார்கள்.

“இருபத்தாறு வருஷம் நான் பொங்கிப் போட்டதைத் தின்னீங்க. அதை நம்பல. அவரு கதைன்னு ஒரு காகிதம் எழுதினாரு, நம்பிட்டீங்க. இப்ப இன்னொரு காகிதம் எழுதினாரு, இதையும் நம்பிட்டீங்க. நாளைக்கு மூணாவதா ஒண்ணு எழுதினா என்ன செய்வீங்க?”

ஹால்தார், “அப்படி இல்ல தீதி...” என்று ஆரம்பித்தார்.

“எப்படி இல்ல? என்னைக் கேட்டீங்களா? பன்னெண்டு பேர்ல ஒருத்தராவது இந்த வாசல்ல வந்து, தீதி, இப்படி எழுதியிருக்கே, நிஜமான்னு கேட்டீங்களா? வயித்து வலின்னு சொன்னீங்க. என் புருஷன் செத்தானா இல்லையான்னு மாடியில பேசினீங்க. நான் நெத்திக் குங்குமத்தைத் தொடச்சப்ப எனக்குப் பதினாறு வயசு. அதுக்கும் அவருகிட்டேருந்து காகிதம் வாங்கிட்டு வரணுமா?”

பிறகு என் பக்கம் திரும்பினார். இதையும் எழுதத்தான் வேண்டும்.

“நீங்களும்தான் அனாதிபாபு. அந்தப் பையன் பேரைச் சொல்ல வேணாம்னு முடிவு பண்ணினது நான். ரெண்டு நாள் பெஞ்சுல உக்காந்து காப்பாத்தினது. யாரைக் கேட்டு அதை எடுத்து இத்தனை பேர் நடுவுல படிச்சீங்க?”

“வேற வழி தெரியல தீதி” என்றேன்.

“எங்கிட்ட கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன் வழி.”

“என்ன வழி?”

“இதான்” என்றார். ஹால்தாரைப் பார்த்தார். “ஏழு பேர் என் சோத்தைத் தின்னுட்டுதான் இருந்தாங்க. அவங்களுக்குப் பொங்குவேன். அஞ்சு பேருக்குப் பொங்க மாட்டேன். ஹோட்டல் பழகிப்போச்சு, அங்கயே நல்லா சாப்பிடட்டும்.”

“அதைக் கூட்டம்தானே முடிவு பண்ணணும்” என்றார் ஹால்தார். 

“பண்ணுங்க. அடுப்பைப் பத்த வைக்கிறது யாருன்னும் சேத்து முடிவு பண்ணுங்க.”

உள்ளே போய்விட்டார். ஓட்டெடுப்பு நடக்கவில்லை. கூட்டக் குறிப்பில் ‘பொருள் ஒத்திவைக்கப்பட்டது’ என்று ஹால்தார் எழுதினார். மத்தியானம் ஏழு தட்டு போடப்பட்டது. ஹால்தார் மேனேஜராக வாசலில் நின்று நாங்கள் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு, சட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

இன்று காலை தபோவிரதன் சமையலறை வாசலில் போய் நின்றான். நான் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன், எல்லாம் காதில் விழுந்தது.

“தீதி, தப்பு பண்ணிட்டேன்.”

“பண்ணினே.”

“இன்னிக்குச் சாப்பிடலாமா?”

“இன்னிக்கு இல்ல.”

“நாளைக்கு?”

“நாளைக்கு வந்து கேளு. அப்பச் சொல்றேன்.”

வேறு மெஸ் தேடப் போகிறேன் என்று இரண்டு பேர் சொல்கிறார்கள். போகட்டும்.

நான் செய்தது சரி என்றே இன்னும் நினைக்கிறேன். ஆனால் அவரிடம் கேட்டுவிட்டுச் செய்திருக்க வேண்டும். உனக்கு மூன்று கடிதம் எழுதினேன். பத்தடி தூரத்தில் இருந்தவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன், அதுவும் உன்னைப் பிடிப்பதற்காக. இதில் உனக்கும் எனக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று தீதி நினைக்கிறார். நினைக்க உரிமை உண்டு.

கடைசியாக ஒரு விஷயம். நீ கடைசி அத்தியாயத்தை மாற்றப் போகிறாய் என்று நேற்று மாலை அவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். பிறகு, “என் தலையிலேருந்து எடுத்து இப்ப யாரு தலையில போடப் போறாரு?” என்றார்.

 எழுதிக் கேட்கிறேன் என்றேன். அவர் அரிசி களையப் போய்விட்டார். கேட்டுவிட்டேன்.

அனாதிநாத் தர்


மதுபூர்
26 நவம்பர் 1979

அனாதிதா,

தாமதத்துக்கு மன்னிக்கவும். பதில் தெரியாமல்தான் தாமதம்.

முதலில் கரி கொண்டுவந்தவன்மேல் போட்டேன். இரண்டு நாளில் எழுதி முடித்தேன். ஒன்பதாம் அத்தியாயத்தோடு கச்சிதமாகப் பொருந்தியது, நீங்களே குறை சொல்ல முடியாது. மறுநாள் எங்கள் வீட்டுக்குக் கரி வந்தது. போடுகிறவனை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எழுதியதைக் கிழித்தேன்.

இப்போது எழுதியிருப்பதில் அம்பிகா எல்லோரையும் உட்கார வைக்கிறார். “நான் தப்புப் பண்ணிட்டேன். இங்க யாரும் யாரையும் கொல்லல. செத்தவர் பெட்டியை நான் முதல்ல தெறந்து பாத்திருக்கணும்” என்கிறார். யாரும் கை தட்டவில்லை. ஏழு பேரை எட்டாக்கிவிட்டேன். எட்டாவது ஆள் சமையலறைக்குப் பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறான்.

பதிப்பாளர் சென்ற வாரம் நேரில் வந்தார். கடைசிவரை படித்தார். பிறகு, “லாஹிரி மஷாய், கொலைகாரன் இல்லாம கொலைக் கதையா? வாங்குறவன் என்னை அடிக்க வருவான். ஒரு வேலைக்காரனாவது இருக்கட்டுமே” என்றார்.

“எந்த வேலைக்காரன்?” என்று கேட்டேன்.

“யாரோ ஒருத்தன். அதையெல்லாமா பாப்பாங்க?”

எனக்கு வந்த கோபத்தை எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். இதே வார்த்தையை அக்டோபரில் நான் உங்களுக்கு எழுதினேன், கொஞ்சம் நல்ல நடையில்.

அவர் சாயங்கால வண்டிக்குப் போய்விட்டார், கையெழுத்துப் பிரதியை மேஜையில் வைத்துவிட்டு. பிப்ரவரிக் கண்காட்சியில் அம்பிகாவின் புத்தகம் இருக்காது. பத்தொன்பது வருஷத்தில் அவர் புத்தகம் வராத முதல் வருஷம் இது. இதைத் தீதியிடம் பெரிய காரியம்போலச் சொல்ல வேண்டாம். அவர் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

யார் தலையிலும் இல்லை.

நிசி